வட்டத்தின் அளவு

இருபத்திரண்டு ஆண்டுகள்
கொடியின் நடுவில் கோதுமை தைத்தேன்.
கோதுமைக் கதிர், எண்ணெய்க் கோபுரம், மலை,
மலைக்குப் பின்னால்
எழுந்துகொண்டே இருக்கும் சூரியன்.
ஒரு சின்னத்துக்குப் பதினேழு நிமிடம்.
பதினெட்டானால் தோழர் மார்கோவிச்
பக்கத்தில் வந்து நிற்பார், ஒன்றும் சொல்லாமல்.

கோதுமை தைத்துவிட்டு
ரொட்டிக்கு வரிசையில் நிற்பேன்.
இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறீர்கள்.
அப்போது யாரும் சிரிக்கவில்லை,
திமிஷோராவில் அந்த டிசம்பர் வரை.

எப்படித் தொடங்கியது என்று கேட்கிறார்கள்
ஒலிவாங்கியோடு வருகிறவர்கள்.
பசி என்றால் எழுதிக்கொள்கிறார்கள்.
பசி எண்பத்தொன்றிலிருந்தே இருந்ததே,
அது ஏன் எதையும் தொடங்கவில்லை?
நான் பார்த்தது இவ்வளவுதான்:
முட்டை வரிசையில் எனக்கு முன்னால் இலிங்கா.
கடைக்காரர் கதவைப் பாதி சாத்தி
"தீர்ந்துவிட்டது" என்றார்.
"எது?" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது.
சிரித்த பிறகு
ஒருவருக்கும் வீட்டுக்குப் போக வழி தெரியவில்லை.

டிராம் ஓட்டுநர் வண்டியை நடுவழியில் நிறுத்தி
கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
எங்களோடு நடந்தார்.
எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை.
தண்டவாளத்தில்தான் போனோம், பழக்கம்.

இரவில் சுட்டார்கள்.
விடியுமுன் சதுக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிறம் போகவில்லை.
ஈரத்தில் வழுக்கி விழுந்தான் ஒரு சிப்பாய்,
பத்தொன்பது இருக்கும்;
கைகொடுத்துத் தூக்கினாள் ஒருத்தி.
எழுந்தவன் துப்பாக்கியை எடுக்கவில்லை.
மறந்தானா, விட்டானா,
அதற்கு எங்கள் ஊரில் இன்றும் இரண்டு கட்சி.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது.
மேல்மாடி ரெமுஸ். கையில் கொடி.
என் தையல். முடிச்சைப் பார்த்தே கண்டுகொண்டேன்.
சமையல் கத்தியால் நடுவைக் குதறிக்கொண்டிருந்தான்.
"இங்கே கொடு" என்றேன்.

தைக்கப் பதினேழு நிமிடம்.
வெட்ட ஒன்றுகூட ஆகவில்லை.

ஓட்டைக்குள் தலையை விட்டு
அதைப் போர்த்திக்கொண்டு படியிறங்கினான்.
அவன் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள்.
விடியும்வரை நாற்பத்தொன்று வெட்டினேன்.
ஆளுக்கொரு அளவு.
பெரிதாக வேண்டும் என்றான் ஒருவன்,
அதன் வழியே வானம் தெரிய வேண்டுமாம்.
சின்னதாகப் போதும் என்றார் ஒரு கணக்காளர்,
நிலைமை மாறினால் தைத்துக்கொள்ளலாமே.

மறுநாள் சதுக்கத்தில்
கொடி அசையும்போதெல்லாம்
ஓட்டையில் ஒரு முகம் வந்து போனது.
ரொட்டிக்காரி, டிராம் ஓட்டுநர், மூக்கு சிந்தும் குழந்தை.
நான் கண்ட அரசாங்கங்களில்
எனக்குப் பிடித்தது அந்த மூன்று நாள்.

பிறகு தொலைக்காட்சியில் ஒரு மேசை வந்தது.
மேசையைச் சுற்றி ஆட்கள்.
முதல் நாள் கம்பளிச் சட்டை, தாடி, தூங்காத கண்.
நான்காம் நாள் கோட்டு.
ஒரு மாதத்தில் தாடிகளைக் காணோம்,
சிலவற்றை ஆளோடு.

பிப்ரவரியில் ஆலை திறந்தது.
திரு மார்கோவிச் ஆகியிருந்தார் தோழர் மார்கோவிச்.
புது உத்தரவைக் கண்ணாடி போட்டுப் படித்தார்:
நடுவில் சின்னம் வேண்டாம்.
ஓட்டையும் வேண்டாம்.
ஒரு கொடிக்கு ஐந்து நிமிடம்,
ஆகவே பதினொரு பேர் போதும்.
"எல்லாம் நல்லபடியாக முடிந்தது,
வேலையைப் பாருங்கள்."

"எது?" என்றாள் இலிங்கா.

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.
ஒருவருக்கும் கேட்டிருக்காது.
பன்னிரண்டாவது ஆள் அவள்.

ரெமுஸ் இத்தாலியில் தரைக்கல் பதிக்கிறான்.
வெட்டிய வட்டங்கள் பிஸ்கட் டப்பாவில்.
ஒன்றை வாணலிக்கு அடியில் வைக்கிறேன்;
கோதுமை கருகிவிட்டது, சூரியன் அப்படியே.
மழை நாட்களில் மற்றவற்றை எடுத்து
ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்ப்பேன்.
எந்த இரண்டும் ஓரம் சேரவில்லை.